சிகிரியாவைத் தவிர மலைக்கோட்டை உண்டா? மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கம் மிஞ்சியிருப்பவை

உன்னிச்சைப் பக்கம் வயல் செய்கிற ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: வெள்ளைக்காரரின் நாட்டில் குன்றுக்குக் குன்று பழைய மலைக்கோட்டைகள் இருக்கின்றனவாம். இலங்கையில் சிகிரியாவை விட்டால் வேறு உண்டா? எங்கள் மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கம் ஏதாவது மிஞ்சியிருக்கிறதா? எங்கள் வயலுக்கு மேற்கேயுள்ள மலையில் ஒரு கல்லடுக்கும், பாறையில் வெட்டிய படிகளும், குகை வாய்க்கு மேலே நீளமாக ஒரு வெட்டும் கிடக்கின்றன. ஊரில் எல்லாரும் அதைக் கோட்டை என்கிறார்கள். அது கோட்டைதானா?

மூன்றுக்கும் முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இலங்கையில் மலைக்கோட்டைகள் பல உண்டு. நம் பக்கத்தில் உறுதியாகக் கோட்டை என்று சொல்லக்கூடியது கோவிந்தமலை. உங்கள் வயலுக்கு மேற்கே நிற்பது, நீங்கள் சொல்லும் அடையாளங்களை வைத்துப் பார்த்தால், பெரும்பாலும் துறவிகள் வாழ்ந்த மலை. ஏன் அப்படிச் சொல்கிறேன் என்பதற்குக் கொஞ்சம் சுற்றி வர வேண்டும்.

பிரித்தானியாவிலும் அயர்லாந்திலும் உள்ள மலைக்கோட்டைகளை ஆய்வாளர்கள் கணக்கெடுத்து 2017இல் வெளியிட்டார்கள். மொத்தம் 4,147 வந்தது. அவற்றில் மிகப் பல, குன்றின் தலையைச் சுற்றி அகழி தோண்டி, தோண்டிய மண்ணையே வரம்பாகக் குவித்த இடங்கள். அங்கே குன்று உருண்டையாக, புல் மூடி, யாரும் ஏறக்கூடியதாக இருக்கும். ஆகவே சுற்றிவர மதில் வேண்டியிருந்தது. நம் கீழ்மாகாணத்து மலைகள் வேறு சாதி. சமவெளியில் தனித்து நிற்கும், நைஸ் (gneiss) என்ற கடினமான வகைப் பாறைகள் அவை. சுற்றியிருந்த மென்மையான பாறையெல்லாம் கோடிக்கணக்கான ஆண்டுகளில் கரைந்துபோக, கடினமானது மட்டும் நின்றுவிட்டது. மூன்று பக்கம் செங்குத்தாக இருக்கும் பாறைக்கு மதில் எதற்கு? ஏறக்கூடிய ஒரு பக்கத்தை அடைத்தால் போதும். மேலே மழைநீர் நிற்கும் சுனை இருந்தால் ஆறு மாதம் தாக்குப்பிடிக்கலாம். அதனால் நம் நாட்டு மலைக்கோட்டையில் வட்ட மதிலைத் தேடிப் போகிறவர் ஏமாந்துதான் திரும்புவார். ஏறும் வழியையும் தண்ணீரையும் தேட வேண்டும்.

இன்னொன்று. இந்த மலைகளை முதலில் பிடித்தவர்கள் அரசர்கள் அல்லர். கிறிஸ்துவுக்கு முந்திய 3ஆம் நூற்றாண்டு தொடக்கம் பௌத்தத் துறவிகள் குகைகளில் தங்கினார்கள். ஊர்ப் பெரியவர்களும் வணிகர்களும் குகையைச் செப்பனிட்டுத் தானம் செய்து, பெயரைப் பாறையில் வெட்டிவைத்தார்கள். ஆபத்துக் காலத்தில் அரசனோ சேனாதிபதியோ வந்து அதே மலையில் ஏறிக்கொண்டான். ஆபத்து நீங்கியதும் இறங்கிவிட்டான். துறவிகள் திரும்ப வந்தார்கள், அல்லது காடு வந்தது. இப்படி ஒரே பாறையில் இரண்டு மூன்று காலத்து அடுக்கு இருக்கும். பார்க்கும்போது எந்த அடுக்கு எந்தக் காலம் என்று பிரித்துப் பார்க்க வேண்டும்.

இதற்குப் பழைய உதாரணம் ரிட்டிகல. பண்டுகாபயன் தன் மாமன்மாரோடு போரிட்ட காலத்தில் அரிட்ட பர்வதத்தில் 7 ஆண்டு பாசறை அமைத்திருந்தான் என்று மகாவம்சம் சொல்கிறது. அந்த அரிட்ட மலைதான் இன்றைய ரிட்டிகல. இன்று அங்கே போனால் பாசறையின் சுவடு கண்ணில் படாது. பெரிய கற்குளமும், கல் பாவிய நடைபாதையும், தியான மண்டபங்களின் மேடைகளும்தான் இருக்கின்றன. கோட்டை கதையில் நிற்கிறது, மடம் கல்லில் நிற்கிறது.

சிகிரியாவைப் பற்றி எல்லாருக்கும் தெரியும் என்பதால் சுருக்கமாகவே சொல்கிறேன். சுற்றுநிலத்திலிருந்து ஏறத்தாழ 180 மீற்றர் உயரும் பாறை. தந்தை தாதுசேனனைக் கொன்ற காசியப்பன் 477 முதல் 495 வரை அங்கிருந்து ஆண்டான். தம்பி முகலன் படையோடு வந்தபோது, அவன் பாறையைவிட்டுக் கீழே இறங்கிப் போரிட்டுத் தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டான். இவ்வளவு பாடுபட்டுக் கட்டியதை முற்றுகையில் ஒருநாளும் பயன்படுத்தவில்லை. அவனுக்குப் பிறகு பாறை மறுபடி துறவிகளிடம் போயிற்று. நான் அங்கே போகிறவர்களுக்குச் சொல்வது, ஓவியத்தையும் சிங்கப்பாதத்தையும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடாதீர்கள், தெற்கே நிற்கும் மாபாகலையையும் பாருங்கள் என்பதுதான். ஒரு ஆள் அசைக்க முடியாத பாறாங்கற்களைச் செதுக்காமல், சாந்து வைக்காமல், ஒன்றின் மூலைக்கு மற்றதைப் பொருத்தி அடுக்கிய மதில் அங்கே இருக்கிறது. மலைக்கோட்டை மதில் எப்படியிருக்கும் என்று கண்ணால் பழக அதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது.

இனி நமக்குக் கிட்டிய கதைக்கு வருகிறேன். இலங்கையின் மலைக்கோட்டை வரலாற்றில் ஒரு ஆண்டைச் சொல்லச் சொன்னால் நான் 1215ஐச் சொல்வேன். கலிங்க மாகன் படையோடு வந்து பொலன்னறுவையைப் பிடித்த ஆண்டு. 1236 வரை அவன் கை ஓங்கியிருந்தது. சமவெளியிலுள்ள தலைநகர் போனதும், அவனுக்கு அடங்காதவர்கள் எல்லாரும் மலை ஏறினார்கள். மகாவம்சத்தின் தொடர்ச்சியான பாளி நூல் சூளவம்சம் அவர்களைப் பெயர் பெயராகச் சொல்கிறது. சுபன் என்ற சேனாதிபதி சுபபர்வதத்தில் இருந்தான். அதுதான் இன்றைய யாப்பகுவ. தீவின் தென்கிழக்குப் பகுதியான உரோகணத்தில் புவனேகபாகு என்ற இளவரசன் கோவிந்தமலையில் நகர் அமைத்து, அங்கிருந்து மக்களையும் சங்கத்தையும் காத்தான். கோத்மலையில் மறைத்து வைத்திருந்த, புத்தரின் பல்லான புனித தந்தத்தை மூன்றாம் விஜயபாகு கொண்டுவந்து, பெலிகல மலையுச்சியில் கோயில் கட்டி வைத்தான். அவன் 1232இல் அரசனாகித் தம்பதெனியாவில் இருந்தான், அதுவும் பாறையை ஒட்டிய நகர். ஒருவனுடைய படையெடுப்பு, நாடெங்கும் இத்தனை பாறைகளைக் கோட்டையாக்கிவிட்டது.

அந்த ஒருவன் யார்? நம் ஊரில் அவனுக்கு வேறு பெயர், வேறு முகம். கொக்கட்டிச்சோலையிலும் திருக்கோவிலிலும் எந்தக் குடிக்கு எந்த ஊழியம் என்று முறை வகுத்தவன் மாகோன் என்று நம் பெரியவர்கள் சொல்வார்கள். மட்டக்களப்பு மான்மியம் அவனைச் சைவம் காத்த அரசனாகப் போற்றுகிறது. பாளி நூலில் விகாரைகளை இடித்தவன், நம் மரபில் கோயிலுக்கு ஊழிய முறை வகுத்தவன். இரண்டையும் ஒரே மேசையில் வைத்துப் படிக்காமல் இந்த மலைக்கோட்டைகளை விளங்கிக்கொள்ள முடியாது என்பது என் உறுதியான எண்ணம். கோவிந்தமலையில் நின்று கிழக்கே பார்த்தால் தெரிவது, அவனைக் கொண்டாடுகிற மக்களின் சமவெளி. மலையில் இருந்தவன் அவனுக்கு அஞ்சி ஏறியவன்.

கோவிந்தமலை, சிங்களத்தில் கோவிந்தஹெல, சியம்பலாண்டுவைப் பக்கம் நிற்கிறது. நிருவாகக் கணக்கில் மொனராகலை மாவட்டம், ஆனால் அம்பாறை எல்லைக்கு மிகக் கிட்ட. 558 மீற்றர் உயரம். ஆங்கிலேயர் இதை வெஸ்ட்மினிஸ்டர் அபே என்றார்கள், தூரத்திலிருந்து பார்க்க அந்தத் தேவாலயம் மாதிரி இருக்குமாம். குடும்பிமலைக்கு பரன்ஸ் காப், திம்புலாகலைக்கு கன்னர்ஸ் கொய்ன் என்று அவர்கள் வைத்த பெயர்கள் எல்லாம் கீழ்க்கரையோரம் கப்பல் ஓட்டிய மாலுமிகள் அடையாளத்துக்கு வைத்தவை. நம் மீன்பிடிகாரர்களும் கடலில் நின்று மலையை வைத்துத்தான் இடம் பிடிப்பார்கள்.

கோவிந்தமலையைப் பார்த்தவுடனே அந்த இளவரசன் அதை ஏன் தெரிந்தெடுத்தான் என்று விளங்கும். சுற்றிவர வழுவழுப்பான பாறைச் சுவர். ஏறுவதற்கு அடிவாரக் காட்டுக்குள்ளால் ஒடுங்கிய வழி. மேலே போனால் பாறையில் தண்ணீர் தேங்கும் குளங்கள், செடிகொடிக்குள் கட்டட அடித்தளங்கள், காலில் தட்டுப்படும் செங்கல் துண்டுகள். அந்தச் செங்கல்லில் ஒன்றைக் கையில் எடுத்தால் இன்றைய கல்லைவிட அகலம், மெல்லிசு, பாரம். அதை யாரோ கீழே சூளையில் சுட்டு, இந்தச் செங்குத்தில் தலையிலோ தோளிலோ தூக்கிக்கொண்டு வந்திருக்கிறார்கள். நான் வெறுங்கையோடு ஏறவே மூன்று தடவை குந்தினேன். எடுத்த கல்லை எடுத்த இடத்திலேயே அதே பக்கம் பார்க்க வைத்துவிட்டு வந்தேன். நீங்களும் அப்படியே செய்யுங்கள்.

சுபன் ஏறிய யாப்பகுவவின் கதை இன்னும் நீண்டது. அரை நூற்றாண்டு கழித்து முதலாம் புவனேகபாகு (1272 முதல் 1284 வரை; கோவிந்தமலை இளவரசன் வேறு, இவன் வேறு) அதையே தலைநகராக்கினான். 90 மீற்றர் அளவு உயரமான பாறை. அதன் தெற்கே அரைவட்டமாக மதிலும் அகழியும் இரட்டையாக இருக்கின்றன. செங்குத்தான அந்தப் படிக்கட்டும், இரு பக்கச் சிங்கங்களும், ஆடுவோர் பாடுவோர் சிற்பங்களும் இப்போதும் நிற்கின்றன. கல்லில் துளைத்த சன்னல் ஒன்று கொழும்பு அரும்பொருட்சாலையில் இருக்கிறது. சீன மட்பாண்டத் துண்டுகளும் சீன நாணயங்களும் அங்கே கிடைத்தன, ஆகவே காட்டுக்குள் ஒளிந்திருந்த நகர் என்று எண்ணிவிடக்கூடாது. ஆனாலும் புவனேகபாகு இறந்தபின் பாண்டியன் குலசேகரனின் படை ஆரியச்சக்கரவர்த்தியின் தலைமையில் வந்து கோட்டையை எடுத்துப் புனித தந்தத்தையும் கொண்டுபோயிற்று. எவ்வளவு பாறையானாலும் காப்பவன் இல்லையென்றால் வெறும் பாறை.

பிந்திய காலத்தில் குருநாகலும், கண்டிக்கு வாசலாக நின்ற பலனையும் வருகின்றன. கடுகண்ணாவைக்குக் கிட்டவுள்ள பலனையில் கல்மதிலும் கொத்தளத்தின் அடியும் இன்றும் பார்க்கலாம். 1594இலும் 1603இலும் கண்டிமேல் போன போர்த்துக்கேயர் அந்த வழியாகத்தான் போனார்கள். நம் கரையில் திருகோணமலைச் சுவாமிமலை இருக்கிறது. 1622இல் கோணேசர் கோயிலை இடித்து, அந்தக் கற்களையே கொண்டு போர்த்துக்கேயர் கோட்டை கட்டினார்கள். வாசற்கல்லில் மீன் சின்னத்தையும் குளக்கோட்டன் பெயர் வரும் தமிழ்ச் சாசனத்தையும் இன்றும் காணலாம். மட்டக்களப்பில் கோட்டை என்றதும் நினைவு வரும் புளியந்தீவுக் கோட்டை 1628இல் போர்த்துக்கேயர் கட்டி 1638இல் ஒல்லாந்தர் பிடித்தது. அதற்குக் காவல் வாவி. மலைக்கும் அதற்கும் தொடர்பில்லை.

அப்படியானால் நம் உள்நாட்டு மலைகளில் கிடக்கும் இத்தனை கல்வேலை என்ன? பெரும்பகுதி மடங்கள். உகணைக்கு வடக்கே இராசகல ஆயிரம் அடிக்கு மேற்பட்ட மலை. அதன்மேல் தூபிகளும் குகைகளும் மண்டபங்களுமாக ஒரு துறவியர் நகரமே கிடக்கிறது. அங்கேயுள்ள பழைய பிராமிக் கல்வெட்டு, இத்தீவுக்கு வந்த இட்டிய தேரரினதும் மகிந்த தேரரினதும் தூபி இது என்று சொல்கிறது. பெயரில் ராஜா இருப்பதால் அரசனின் கோட்டை என்று நினைப்பவர்கள் உண்டு. கோட்டையின் அடையாளம் அங்கே இல்லை. கரடியனாற்றுப் பக்கம் குசலானமலையிலும் குகைக் கல்வெட்டுகள் உண்டு. குடும்பிமலை 2007 யூலை வரை போர்ச் செய்திகளில் அடிபட்ட பெயர், பழங்காலக் கோட்டையாக அதைக் காட்டும் சான்று ஒன்றையும் நான் காணவில்லை. தாந்தாமலையும் உகந்தைமலையும் முருகன் குடியிருக்கும் மலைகள், அவற்றைச் சுற்றியும் பழைய கல்வேலை உண்டு.

மடம் என்றால் நமக்கு உரியதல்ல என்று முகத்தைத் திருப்பிக்கொள்கிறவர்களுக்கு ஒன்று சொல்ல விரும்புகிறேன். அம்பாறை மாவட்டத்துக் குடுவில் குகைக் கல்வெட்டு, தீகவாபி வணிகர்களோடு சேர்த்து ‘தமேட’ என்று குறிக்கப்பட்ட ஒருவரையும் பேசுகிறது. தமிழர் என்பதன் பழைய பிராகிருத வடிவம் அது. ஈராயிரம் ஆண்டுக்கு முன் குகைத் தானம் செய்தவர்களுக்குள் நம்மவரும் இருந்திருக்கிறார்கள்.

இப்போது உங்கள் மலை. 2011 ஆவணியில், மட்டக்களப்பு வாவிக்கு மேற்கேயுள்ள படுவான்கரையில் இதே மாதிரி ஒரு மலைக்கு என்னை ஒரு பெரியவர் கூட்டிப்போனார், அந்தப் பக்கத்தில் ஐம்பது வருடமாக மாடு மேய்த்தவர். “இது மாகோன்ட கோட்டை மனே. இஞ்ச பாரு, கதவு போட்ட குழி” என்று பாறையில் விரலை வைத்துக் காட்டினார். ஒரு சாண் ஆழத்தில் சதுரக் குழிகள், குகை வாய்க்கு முன்னால் ஒரே கோட்டில் நாலு. நான் அண்ணாந்து பார்த்தேன். குழிகளுக்கு நேர் மேலே, குகையின் நெற்றியில், ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை பாறையைக் கொத்தி விளிம்பு எடுத்திருந்தது. மழைநீர் பாறையோடு வழிந்து குகைக்குள் போகாமல் அந்த விளிம்பில் சொட்டி வெளியே விழும். அந்தக் குழிகள் முன்தாழ்வாரத்துக்குத் தூண் நட்டவை. பின்னேரச் சாய்வெயில் விழுந்தபோது விளிம்புக்குக் கீழே தேய்ந்த நாலைந்து எழுத்தும் தெரிந்தது. “எழுத்தெண்டா ஆர்ட எழுத்து?” என்று கேட்டார். “குகைய சாமிமாருக்குக் குடுத்தவங்கட பேர், பெரியப்பா” என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் நின்றார். “மறுகா இது சாமிமாருர மலையா?” என்றார். அவர் குரலில் ஏமாற்றம் இல்லை. செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார்.

உங்கள் குகை வாய்க்கு மேலே நீளமாக ஓடும் வெட்டு அந்த மாதிரி விளிம்புதான் என்று நினைக்கிறேன். கோட்டைக்கு அது தேவையில்லை, மழைக்கு ஒதுங்கி அங்கேயே வாழ்கிறவருக்குத்தான் தேவை. படிகள் இரண்டுக்கும் பொது, அவற்றை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. ஆகவே முடிவு கல்லடுக்கில் இருக்கிறது. அது எங்கே நிற்கிறது என்று பாருங்கள். மலையின் ஏறக்கூடிய சரிவில் வழியை மறித்து, வெளிப்பக்கம் உயரமாக, ஆள் மறைந்து நிற்கும் அகலத்தில் இருந்தால் காவல் மதிலாக இருக்கலாம். குகைக்கு முன்னால் மண்ணைத் தாங்கி, உள்பக்கம் சமதரையாக இருந்தால் முற்றத்துக்குக் கட்டிய அணை. இரண்டு பாறைக்கு இடையே பள்ளத்தில் இருந்தால் தண்ணீரைக் கட்டியது. கற்களின் விளிம்பையும் தடவிப் பாருங்கள். பழங்காலத்தில் கல்லைப் பிளக்க நீள்சதுரக் குழிகளை வரிசையாகக் கொத்தி ஆப்பு அடிப்பார்கள், பாதிக் குழி கல்லின் ஓரத்தில் பல் வரிசை மாதிரி நிற்கும். உருண்டையாக, பென்சில் வைத்து இழுத்த மாதிரி நேரான தவாளிப்பு இருந்தால் அது இந்தக் காலத்துத் துளைகருவி. கல் உடைக்க வந்தவன் விட்டுப்போன குவியலைக் கோட்டை மதில் என்று காட்டிய இடங்களும் நான் பார்த்திருக்கிறேன்.

இன்னொரு விஷயத்தையும் நான் மறைக்கக்கூடாது. வயலுக்குப் பக்கத்து மலையில் பழைய எழுத்து இருக்கிறது என்று வெளியே தெரிந்தால் காணி கைவிட்டுப் போய்விடுமோ என்ற பயம் நம் பகுதியில் உண்டு. அந்தப் பயத்துக்குக் காரணங்களும் உண்டு, அதை நான் சின்னதாக எண்ணவில்லை. ஆனால் அந்தப் பயத்தில் எழுத்தைச் சுரண்டி அழித்த ஒரு பாறையை நேரில் கண்டேன். அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அதைவிட மோசம் புதையல் தோண்டுகிறவர்கள். விளிம்புள்ள குகை என்றால் உள்ளே பொன் இருக்கிறது என்று யாரோ கிளப்பிவிட்ட கதையை நம்பி, இரவோடு இரவாக வந்து தரையைக் கிளறிப்போடுகிறார்கள். குகையில் வாழ்ந்தவர்கள் ஒன்றும் வைத்திருக்காதவர்கள், அது தெரியாமல். 1940ஆம் ஆண்டின் தொல்பொருள் கட்டளைச் சட்டப்படி அனுமதியில்லாமல் தோண்டுவது குற்றம். யாராவது மண்வெட்டியோடு அந்தப் பக்கம் போனால் கிராம சேவையாளருக்குச் சொல்லுங்கள்.

மழை தொடங்குமுன், புரட்டாதிக்குள் ஒருமுறை ஏறிப் பாருங்கள். தனியே போக வேண்டாம், யானை நிற்கும் காடு, பகல் இரண்டு மணிக்கு இறங்கத் தொடங்கிவிட வேண்டும். கல்லடுக்கின் நீளத்தையும் உயரத்தையும் ஒரு நூலால் அளந்து, அது எந்தத் திசையைப் பார்த்து நிற்கிறது, பக்கத்தில் சுனை உண்டா, சுனைக்குப் படி வெட்டியிருக்கிறதா என்று குறித்துக்கொண்டு வாருங்கள். படம் எடுக்கும்போது கல்லுக்குப் பக்கத்தில் ஒரு தீப்பெட்டியை வையுங்கள், அளவு தெரியும். எழுத்து இருந்தால் சோக்கால் நிரப்ப வேண்டாம், விரலால் தேய்க்கவும் வேண்டாம், காலை வெயில் பக்கவாட்டில் விழும்போது எடுத்தால் தானே தெளிவாக வரும். அந்த அளவும் படமும் வந்தால் அது முற்றமா, அணையா, காவல் மதிலா என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியும்.